லாய வாடகையில் எதெல்லாம் அடக்கம்? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி பழக்கும் பிரிட்டன் வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: குதிரையை வாங்கினால் எங்கே விடுவது, என்ன செலவாகும்? சொந்த நிலம் இல்லாதவர்கள் வாடகை லாயத்தில் குதிரையை விடும் ஏற்பாட்டுக்கு அங்கே லிவரி என்று பெயர். அந்த இடம் யார்டு. வேலையெல்லாம் உரிமையாளரே பார்த்தால் டி.ஐ.ஒய் லிவரி, ஒரு பகுதியை யார்டு பார்த்தால் பார்ட் லிவரி, தினசரி வேலை முழுவதையும் யார்டே பார்த்தால் ஃபுல் லிவரி. இங்கே சொல்லியிருக்கும் தொகைகள் லண்டனைச் சுற்றிய பகுதிகளில் கேட்கப்படுவதை ஒட்டியவை. யார்டுக்கு யார்டு மாறும், வடக்கே போகப் போகக் குறையும்.

மகளுக்கு வயது 13. குதிரை விசர். 14 ஹேண்ட் (ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம்) உயர மட்டக்குதிரை ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறோம். மூன்று யார்டில் விசாரித்தோம். டி.ஐ.ஒய் லிவரி வாரம் 45 பவுண்டு, பார்ட் லிவரி 110, ஃபுல் லிவரி 190. லாயம் மூன்றிலும் ஒரே அளவுதான். பிறகேன் நான்கு மடங்கு வித்தியாசம்? 45 பவுண்டு யார்டை எடுத்தால் காசு மிச்சம்தானே? (ஹாரோ வாசகி)

நீங்கள் நினைக்கிற அளவுக்கு மிச்சமாகாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

45 பவுண்டுக்குக் கிடைப்பது ஒரு லாயம், மேய்ச்சல் நிலத்தில் பங்கு, தண்ணீர், சேணம் வைக்க ஓர் இடம், மணல் திடலில் ஓட்ட அனுமதி. புல், படுக்கை, வேலை எல்லாம் உங்கள் பொறுப்பு. மட்டக்குதிரையின் எடை 350 கிலோ என்று வையுங்கள். உடல் எடையில் 2 சதவீதம் தினத் தீனி என்றால் 7 கிலோ உலர்புல். 20 கிலோ கட்டு மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறையவே வரும். குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டரைக் கட்டு, கட்டு 6 முதல் 7 பவுண்டு, ஆக 16. படுக்கைக்கு மரச்சீவல் போட்டால் முதல் நாளே ஆறு முதல் எட்டு மூட்டை இறங்கும். பிறகு வாரம் இரண்டு மூட்டை, அதற்கு 19. சத்துத் தீவனத்துக்கு 6. இப்போதே 86 ஆகிவிட்டது.

இனி பயணம். யார்டு எட்டு மைல் தூரத்தில் இருந்தால் போய்வர 16 மைல். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, வாரத்துக்கு 14 பயணம், 224 மைல். மைலுக்கு 15 பென்ஸ் பெட்ரோல் என்று வைத்தால் 34 பவுண்டு. மொத்தம் 120.

இதே கணக்கைப் பார்ட் லிவரிக்குப் போடுங்கள். பெரும்பாலான யார்டுகளில் அந்த 110-க்குள் புல்லும் படுக்கையும் திங்கள் முதல் வெள்ளி வரை காலை வேலையும் அடக்கம். சத்துத் தீவனம் 6. பயணம் 14-இலிருந்து 9 ஆகக் குறைவதால் 22. மொத்தம் 138. வித்தியாசம் 18 பவுண்டுதான். அதற்கு ஐந்து அதிகாலைகள் தப்புகின்றன. ஒரு காலைக்கு நான்கு பவுண்டுகூட இல்லை. அதே காலை வேலையை டி.ஐ.ஒய் யார்டில் தனியாகச் செய்து தரச் சொன்னால் பத்துப் பவுண்டுக்குக் குறைந்து யாரும் வரமாட்டார்கள்.

கோடையில் கதை வேறு. மே முதல் செப்டம்பர் வரை மட்டக்குதிரையை இரவும் பகலும் வெளியே விடலாம் என்றால் புல், படுக்கைச் செலவு ஏறக்குறைய இல்லை, நாளுக்கு ஒரு பயணம் போதும். டி.ஐ.ஒய் 70-க்குள் முடிந்துவிடும். எனவே கோடையில் டி.ஐ.ஒய், குளிர்காலத்தில் பார்ட் என்று மாற்றிக்கொள்ள விடுகிற யார்டாகத் தேடுங்கள். பல இடங்களில் கேட்டால் விடுவார்கள். கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

பணத்தைவிட முக்கியம் அந்தக் காலை வேலை என்னவென்று தெரிந்திருப்பது. லத்தியைக் கவையால் அரித்து அள்ள வேண்டும். சிறுநீரில் நனைந்த திட்டுகளைத் தரை தெரியும்வரை தோண்டி எடுக்க வேண்டும். ஓரங்களில் மேடாக ஏற்றிவைத்த மரச்சீவலை நடுவுக்கு இழுத்துப் பரப்பி, வாசலைக் கூட்டி, தள்ளுவண்டியை எருக்குவியல்வரை கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். வாளியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வலையில் புல்லை அடைத்து எடைபோட்டுத் தொங்கவிட வேண்டும். பிறகு குளம்புகளைச் சுரண்டி, போர்வையை மாற்றி, குதிரையை வெளியே கொண்டுபோய் விட வேண்டும். கைபழகியவருக்கு அரை மணி நேரம். புதியவருக்கு ஒரு மணிக்கு மேல். அவசரத்தில் ஈரத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே புதுச் சீவலைத் தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடியில் அமோனியா சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும், குளம்பின் அடிப்பகுதி கறுத்து அழுகி நாறத் தொடங்கும். மரச்சீவலும் இரட்டிப்பாகத் தீரும்.

டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். பள்ளி விட்டு மகள் யார்டுக்குப் போய்ச் சேரும்போது திடலில் விளக்கு இருக்கிறதா, விளக்குக்குத் தனிக் காசா என்பதையும் கேளுங்கள். விளக்கில்லாத யார்டில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரநாளில் சவாரி கிடையாது. லத்தி அள்ளுவது மட்டும் உண்டு.

யார்டுகளை ஒப்பிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. தாளில் ஏழு நாளுக்கும் காலை, மாலை என 14 கட்டம் போடுங்கள். தீனி, லாயம் சுத்தம், வெளியே விடுவது, உள்ளே கொண்டுவருவது, போர்வை மாற்றுவது ஆகியவற்றை ஒவ்வொரு கட்டத்திலும் யார் செய்வது என்று யார்டுக்காரரையே நிரப்பித் தரச் சொல்லுங்கள். ‘பார்ட் லிவரி’ என்ற பெயருக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும். ஓரிடத்தில் ஐந்து கட்டம், இன்னோரிடத்தில் பத்து. யார்டு செய்து தரும் கட்டங்களின் எண்ணிக்கையால் விலையை வகுத்தால் உண்மையான மலிவு எதுவென்று தெரிந்துவிடும்.

ஃபுல் லிவரி எடுத்துவிட்டால் மேற்கொண்டு செலவே இல்லை என்கிறார் நண்பர். சரிதானா? (குரோய்டன் வாசகர்)

இல்லை. ஃபுல் லிவரி தினசரி வேலைக்கான விலை. லாடம், மருத்துவம், தடுப்பூசி, பல் ராவுவது, குடற்புழுப் பரிசோதனை, காப்பீடு எல்லாம் எந்த லிவரியிலும் உரிமையாளர் தலையில்தான். குதிரைக்கு உடற்பயிற்சி கொடுப்பதுகூடப் பல இடங்களில் தனி. ஒரு தடவை ஓட்டிக் கொடுக்க 15 முதல் 25 பவுண்டு. லாடக்காரர் வரும்போது குதிரையைப் பிடித்து நிற்பதற்கும் கட்டணம் போடுகிற யார்டுகள் உண்டு. விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை. குளம்பைச் சீவிவிட மட்டும் 40 பவுண்டு அளவில், நாலு காலுக்கும் லாடம் அடிக்க 90 முதல் 120 வரை. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்: 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற லாடக்காரரைத் தவிர வேறு யாரும் லாடம் அடிப்பது பிரிட்டனில் குற்றம். ஊரில் கைத்தேர்ச்சி பெற்ற உறவினர் இருந்தாலும் அவரைக் கூப்பிட முடியாது.

குதிரைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயம். பாஸ்போர்ட் உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கக்கூடாது. குதிரை இருக்கிற இடத்தில் கேட்டவுடன் எடுக்கும்படி இருக்க வேண்டும். சில மருந்துகளைக் கொடுக்குமுன் மருத்துவர் அதைப் பார்த்தாக வேண்டும்.

சவாரிப் பள்ளி ஒன்றில் பாதி விலைக்கு வொர்க்கிங் லிவரி தருகிறார்கள். வாரம் 170 வர வேண்டிய இடத்தில் 85. பதிலுக்கு எங்கள் குதிரையை அவர்கள் பாடங்களுக்குப் பயன்படுத்துவார்கள். ஏற்கலாமா? (லெஸ்டர் வாசகர்)

குதிரையைப் பொறுத்தது. பதட்டமில்லாத, பத்து வயதைத் தாண்டிய, யார் ஏறினாலும் ஒரே மாதிரி நடக்கிற குதிரை என்றால் இது நல்ல ஏற்பாடு. வேலையும் கிடைக்கும், உடம்பும் கட்டாக இருக்கும். இளங்குதிரை, வாய் மென்மையான குதிரை, முதுகுத் தொல்லை உள்ள குதிரை என்றால் வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் விழாமலிருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். ஆறு மாதத்தில் குதிரை கடிவாளத்துக்குக் கட்டுப்படாமல் போகும், காலால் தட்டினாலும் அசையாது. அதைத் திருத்தப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம், மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

பணக் கணக்கையும் பாருங்கள். உங்களுக்கு மிச்சம் வாரம் 85 பவுண்டு. பள்ளி உங்கள் குதிரையை வாரம் எட்டு மணி நேரம் ஓட்டினால் மணிக்குப் பத்துப் பவுண்டு சொச்சத்துக்கு அதை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். குழுப் பாடத்துக்கே ஓர் ஆளிடம் அவர்கள் 30 பவுண்டுக்கு மேல் வாங்குவார்கள். அதற்காக அநியாயம் என்று சொல்ல முடியாது; ஆசிரியர், காப்பீடு, திடல் எல்லாம் அவர்களுடையது. ஆனால் மணிக்கணக்கு எழுத்தில் இல்லாவிட்டால் எட்டு பன்னிரண்டாகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி, நாளுக்கு எத்தனை, முழு ஓய்வு நாள் எது, ஏறுபவரின் எடை வரம்பு என்ன, குதித்தல் உண்டா இல்லையா, யாருடைய சேணம். உங்கள் சேணத்தை அவர்கள் பயன்படுத்தினால் தேய்மானத்துக்கு யார் பொறுப்பு என்பதும் வேண்டும். குதிரை நொண்டி வேலைக்கு ஆகாத வாரங்களில் முழு விலை கேட்பார்களா என்பதை மறக்காமல் கேளுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

இன்னும் இரண்டு. சவாரிப் பள்ளிக்கு உள்ளூராட்சி உரிமம் வேண்டும்; இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அது வருகிறது. உங்கள் குதிரையும் அந்த உரிமத்தில் சேர்க்கப்படும் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்து, உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். சொந்தச் சவாரிக்கு எடுத்த காப்பீடு, காசு வாங்கி மற்றவர்களை ஏற்றும்போது நடக்கும் விபத்தை ஏற்காமல் போகலாம்.

சனிக்கிழமை யாருக்கு என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். பள்ளிக்கு வருமானம் வருகிற நாள் அதுதான். உங்கள் பிள்ளைக்கு விடுமுறையும் அதுதான். இந்த ஏற்பாடு முறிகிற இடம் அநேகமாக எப்போதும் இதுவே.

கிராஸ் லிவரி 28 பவுண்டுக்குக் கிடைக்கிறது. லாயமே இல்லை, வருடம் முழுக்க வெளியில். எங்களிடம் இருப்பது காப் இனக் குதிரை. குளிரில் வதைப்பதாக ஆகாதா? (கென்ட் வாசகி)

தடித்த ரோமமுள்ள காப், வெல்ஷ், கானிமாரா போன்ற இனங்களுக்கு மழையும் காற்றும் தடுக்கும் ஒரு கொட்டகையும் போதிய உலர்புல்லும் இருந்தால் குளிர் பெரிய விஷயமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நிலத்துப் புல்லில் சத்திராது, உலர்புல் போட்டாக வேண்டும். உறைபனி நாட்களில் தொட்டியின் பனிக்கட்டியைக் காலையும் மாலையும் உடைக்க ஆள் வேண்டும். அந்த 28-க்குள் இது அடக்கமா?

காப் குதிரைக்கு உண்மையான ஆபத்து வசந்தத்தில். ஏப்ரல், மே மாதப் புல்லில் சர்க்கரை ஏறியிருக்கும். இந்த இனங்கள் கொஞ்சம் தின்றே கொழுப்பவை. லாமினைடிஸ் வந்து குளம்புக்குள் வீங்கி, நிற்கவே முடியாமல் போகும். இரவில் உறைபனி, காலையில் பளிச்சென்ற வெயில் என்கிற நாளும் அப்படித்தான். மின்வேலி நாடா கட்டி மேய்ச்சலைத் துண்டுதுண்டாகத் திறந்துவிட யார்டு அனுமதிக்குமா என்று கேளுங்கள். ‘எல்லாக் குதிரையும் ஒரே மந்தை, ஒரே பெரிய நிலம்’ என்பார்களானால் உங்கள் காப் குதிரைக்கு அது சரிவராது.

நிலத்தை நடந்து பாருங்கள். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் இருக்க வேண்டும். வேலியில் முள்கம்பி இருக்கக்கூடாது. வேலியோரம் சிக்கமோர் மரம் நிற்கிறதா? இலையுதிர் காலத்தில் அதன் இறகு விதைகளையும் வசந்தத்தில் அதன் நாற்றுகளையும் தின்னும் குதிரைக்குத் தசைகள் சிதையக்கூடும். அப்படி நோய் கண்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பிழைப்பதில்லை. பக்கத்து நிலத்து மரமானாலும் விதை காற்றில் வரும். மஞ்சள் பூப் பூக்கும் ராக்வொர்ட் செடி ஈரலைக் கெடுப்பது. பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரை ஒதுக்கும். வெட்டிக் காய்ந்துவிட்டால் கசப்புப் போய்விடும், நஞ்சு போகாது. எனவே வெட்டிப் போட்டுவிட்டுப் போகிற யார்டு, வெட்டாத யார்டைவிட மோசம். கையுறை போட்டு வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

‘பேப்பர் எதற்கு, இங்கே எல்லோரும் குடும்பம் மாதிரி’ என்கிறார் யார்டுக்காரர். ஒப்பந்தம் கேட்டால் சங்கடப்படுவாரோ? (வாட்ஃபோர்ட் வாசகர்)

சங்கடப்பட்டால் படட்டும். இங்கிலாந்தில் சவாரிப் பள்ளிக்குத்தான் உரிமம் கட்டாயம். வெறும் லிவரி யார்டுக்கு அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். குதிரை நல அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் அங்கீகாரம் தானாக விரும்பிப் பெறுவது. எனவே உங்கள் கையில் இருக்கும் தாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

விலகுவதற்கு முன்னறிவிப்புப் பொதுவாக நான்கு வாரம். விலையேற்றத்துக்கும் அதே அளவு முன்னறிவிப்பு இருக்க வேண்டும். வாடகை பாக்கி விழுந்தால் குதிரையைப் பிடித்துவைக்க யார்டுக்கு உரிமை தருகிற வரி இருந்தால் அதற்குத் தொகை வரம்பும் கால வரம்பும் கேளுங்கள்.

அவசர மருத்துவத்துக்கு எழுதும் பத்திதான் எல்லாவற்றிலும் முக்கியம். நள்ளிரவில் குதிரைக்கு வயிற்றுவலி கண்டு உருள்கிறது. நீங்கள் விமானத்தில் இருக்கிறீர்கள். மருத்துவரைக் கூப்பிட யார்டுக்கு அதிகாரம் உண்டா? எவ்வளவு தொகைவரை? அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு அனுப்பலாமா? வயிற்று அறுவைக்கு 5,000 பவுண்டுக்கு மேல் எளிதாக ஆகும், பல காப்பீடுகளின் வரம்பே அவ்வளவுதான். பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்கு யார் சம்மதிப்பது? எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.

யார்டின் காப்பீட்டில் ‘பிறர் குதிரை எங்கள் பராமரிப்பில் இருக்கும்போது’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பத்திரத்தையே காட்டச் சொல்லுங்கள். பொதுமக்களுக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடு வேறு, இது வேறு.

டிசம்பரில் நான்கு வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். இப்போது டி.ஐ.ஒய். குதிரையை என்ன செய்வது? (மில்டன் கீன்ஸ் வாசகி)

காப்பீடு உள்ள தனிப் பராமரிப்பாளரை வைத்தால் ஒரு வருகைக்கு 12 பவுண்டு என்றாலும் 56 வருகைக்கு 672. யார்டிலேயே அந்த நான்கு வாரத்துக்கு மட்டும் ஃபுல் லிவரிக்கு மாறினால் (மேலே ஹாரோ வாசகி சொன்ன விலைப்படி 45-க்கும் 190-க்கும் வித்தியாசம் வாரம் 145) 580, அதில் புல்லும் படுக்கையும் சேர்ந்தே வரும். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆள் கிடைக்காது, செப்டம்பரிலேயே பேசிவையுங்கள்.

தீனிக் குறிப்பைக் கிலோவில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ‘ஒரு ஸ்கூப்’ என்று எழுதினால் ஆபத்து: அதே ஸ்கூப்பில் சாஃப் (நறுக்கிய வைக்கோல், உலர்புல்) அரைக் கிலோகூட வராது, உருண்டைத் தீவனம் ஒன்றரைக் கிலோ வரும். சவாரி இல்லாத நான்கு வாரமும் வழக்கமான தானியத்தைப் போட்டால் குதிரை துள்ளிக் குதிக்கும், வயிறும் கெடும். தானியத்தைக் குறைத்து, உலர்புல்லைக் குறைக்காமல் விடச் சொல்லுங்கள்.

யார்டைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது? (செம்ஸ்ஃபோர்ட் வாசகர்)

ஜூனில் போகாதீர்கள், அப்போது எல்லா யார்டும் அழகு. பிப்ரவரியில், மழை பெய்த மறுநாள் மாலை போங்கள். மேய்ச்சல் நிலத்தின் வாயிலில் சேறு முழங்கால்வரை இருக்கிறதா, குளிர்காலத்தில் நாளுக்கு எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறார்கள் என்று பாருங்கள். சில யார்டுகள் நவம்பர் முதல் மார்ச் வரை விடுவதே இல்லை. புல்லைக் கையில் எடுத்து உதறுங்கள்; தூசு பறந்தால், பூஞ்சை வாசம் அடித்தால் திரும்பிவிடுங்கள். வாளித் தண்ணீரில் பச்சை படர்ந்திருந்தால் விலைப்பட்டியலை வாங்கவே வேண்டாம்.

‘புதுக் குதிரை வந்தால் எத்தனை நாள் ஒதுக்கிவைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்று, தாடைக்கடியில் கட்டி உடைந்து சீழ் வருவது, யார்டு முழுக்கப் பரவும். இரண்டு மூன்று வாரம் தனி லாயம், தனி வாளி, தினமும் வெப்பநிலை பார்ப்பது (38.5-ஐத் தாண்டினால் மருத்துவர்) என்று பதில் வந்தால் அவர்களுக்குத் தொழில் தெரியும். ‘எங்களிடம் அதெல்லாம் வந்ததே இல்லை’ என்பது பதிலே அல்ல.

இரவில் யார்டிலேயே யாராவது தங்குகிறார்களா என்பது கடைசிக் கேள்வி.

வாங்கவும் வசதியில்லை, பிள்ளையின் ஆசையையும் மறுக்க முடியவில்லை. வழியுண்டா? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

ஷேர் எடுங்கள். ஏற்கெனவே லிவரியில் இருக்கும் குதிரையை வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டவும் பராமரிக்கவும் உரிமையாளருக்கு வாரத்துக்கு 25 முதல் 40 பவுண்டு கொடுப்பது வழக்கம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியே வரலாமா என்பதை யார்டிடமும், லாடச் செலவிலும் மருத்துவச் செலவிலும் பங்கு கேட்பாரா என்பதை உரிமையாளரிடமும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு உங்கள் பிள்ளையின் பெயரிலும் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினர் சந்தாவில் அது சேர்ந்தே வருகிறது. ஷேரை நவம்பரில் தொடங்குங்கள். குளிர்காலத்தில்தான் உரிமையாளர்கள் கைக்கு உதவி தேடுவார்கள், விலையும் இறங்கும். சேற்றிலும் இருட்டிலும் பிள்ளை எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கிறாள் என்பதும் மார்ச்சுக்குள் தெரிந்துவிடும்.